கட்டி இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்: மகளிர் நல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகளிர் நல மருத்துவர்களுக்கு, ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்து,

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் கருப்பையில் கட்டி, சினைப்பையில் கட்டி என்று கேட்டுவிட்டு உங்கள் அறையிலிருந்து வெளியே வந்த பல பெண்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அவர்கள் கையில் இருந்த ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்திருக்கிறேன், புரியாததைத் தேடித் தெரிந்துகொண்டிருக்கிறேன். அப்படிப் பார்த்ததில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன். பயம் தப்பான இடத்தில் இருக்கிறது. சும்மா விட்டாலே போதும் என்கிற கட்டிக்காக ஒருத்தி ராத்திரி தூங்காமல் அழுகிறாள், கருப்பையையே எடுத்துவிடச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறாள். மாதவிடாய் நின்று சில வருடம் கழித்து ரத்தம் பட்ட இன்னொருத்தியோ, "இந்த வயசுல இதெல்லாம் சகஜம்" என்ற பதிலையும் ஒரு சீட்டு மாத்திரையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். இரண்டு பேரும் பார்த்துவிட்டு வந்தது உங்களைத்தான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் ஃபைப்ராய்டு. கருப்பையின் தசையிலிருந்து வளரும் இந்தக் கட்டி எவ்வளவு சாதாரணமானது என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஸ்கேன் வைத்துத் தேடினால் 50 வயதுக்குள் மூன்றில் இரண்டு பெண்களுக்காவது இது இருக்கும், அவர்களில் நிறையப் பேருக்கு வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் வராது, இருந்ததே தெரியாமல் போய்விடும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை நம்பி வாழ்கிற கட்டி என்பதால் மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கத் தொடங்கிவிடும். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் என்னிடம் பேசிய பெண்கள் கேட்டுவிட்டு வந்தது "கர்ப்பப்பையில கட்டி இருக்கு, அஞ்சு சென்டிமீட்டர்" என்பதோடு முடிந்திருக்கிறது. அந்த ஒரு வரியைக் கேட்டவள் வீடு போய்ச் சேரும்போது அது புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் முடிவு செய்திருக்கிறாள். அப்புறம் நீங்கள் சொல்லும் எந்த அறுவை சிகிச்சைக்கும் அவள் தலையாட்டுவாள். பயத்தில் ஆட்டும் தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம் என்றும் சொல்லுங்கள். வாசற்படியில் கிடக்கும் கூழாங்கல் காலைத் தடுக்கும், தோட்டத்து மூலையில் கிடக்கும் பாறை யாரையும் தடுக்காது. கருப்பையின் உள்வரிப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு ஒரு பெண்ணின் ஹீமோகுளோபினை 6, 7 என்று இறக்கிவிடும், கரு தங்குவதையும் கெடுக்கும். வெளிப்பக்கம் தொங்கும் ஏழு சென்டிமீட்டர் கட்டி சிறுநீர்ப்பையையோ குடலையோ அழுத்தாத வரை பேசாமல் இருக்கும். இதற்காகத்தானே உலக மகளிர் நல மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபிகோ 0 முதல் 8 வரை எண் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறது? ரிப்போர்ட் எழுதுகிறவர்களே, அந்த எண்ணைத் தயவுசெய்து எழுதுங்கள். "மல்டிபிள் ஃபைப்ராய்ட்ஸ்" என்று எழுதி முடித்துவிட்டால் அடுத்த மருத்துவருக்கும் அதில் பாதித் தகவல்கூட இல்லை.

அது புற்றாக மாறுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஃபைப்ராய்டு என்பது புற்று இல்லாத கட்டி. கருப்பைத் தசையில் வரும் சார்கோமா என்ற புற்று அரிதானது, அது பெரும்பாலும் தனியாகவே தோன்றுவதாகத்தான் கருதப்படுகிறது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் இரண்டையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல எப்போதும் முடிவதில்லை. 2014இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்யப்பட்ட பெண்களில் சுமார் 350 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இப்படி மறைந்திருந்த சார்கோமா இருக்கலாம் என்று கணக்கிட்டு, கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக்கி எடுக்கும் மார்செலேட்டர் கருவிக்கு எதிராக எச்சரித்தது, ஏனென்றால் உள்ளே புற்று இருந்தால் அது சிதறிப் பரவிவிடும். வேறு சில கணக்குகளில் இந்த அபாயம் இதைவிடக் குறைவு. லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு எடுக்கப் போகிறீர்கள் என்றால் கட்டியை எப்படி வெளியே கொண்டுவருவீர்கள், பைக்குள் வைத்து வெட்டுவீர்களா என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். சொன்னால் பயந்துவிடுவாள் என்று நினைக்கிறீர்கள். சொல்லாமல் விட்டால் அதைவிடப் பெரிய பயத்தை அவளே கற்பித்துக்கொள்வாள்.

கருப்பையை எடுப்பது பற்றி. சிலருக்கு அதுதான் சரியான தீர்வு, எடுத்த பிறகுதான் பல வருடங்களில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அதை மறுக்கவும் கூடாது, பெண் என்றால் கருப்பை இருந்தே ஆக வேண்டும் என்று போதிக்கவும் கூடாது. என் வருத்தம் வேறு. அது ஒன்றுதான் வழி என்பதுபோல முன்வைக்கப்படுகிறது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கும் மருந்துகள், கத்தியே வைக்காமல் பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்தி உள்வரிக் கட்டியை மட்டும் சீவியெடுக்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி, கருப்பையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கும் மயோமெக்டமி, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்போலைசேஷன் என்று இத்தனை இருக்கின்றன. எம்போலைசேஷனை ஃபைப்ராய்டுக்கான சிகிச்சையாக பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்டது 1995இல், அதாவது இது நேற்று வந்த புதுமை இல்லை. கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையைக் காப்பாற்றலாம் என்று இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் விக்டர் போனி வாதாடியது அதற்கும் பல பத்தாண்டுகள் முன்னால். இவற்றில் சில உங்கள் மருத்துவமனையில் இல்லாமல் இருக்கலாம், சில அந்தப் பெண்ணுக்குப் பொருந்தாமல் போகலாம், இன்னும் குழந்தை வேண்டும் என்பவளுக்கு எம்போலைசேஷன் முதல் தேர்வாக இருக்காது. சரி, அதைச் சொல்லுங்கள். "இங்கே இல்லை, வேறு இடத்தில் செய்கிறார்கள்" என்று சொல்வதால் உங்கள் மரியாதை குறையாது, எங்கள் கண்ணில் கூடும்.

சினைப்பை நீர்க்கட்டி விஷயத்திலும் இதே கதைதான், ஒரு வகையில் இன்னும் மோசம், ஏனென்றால் இதில் பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். மாதாமாதம் முட்டை வளர்வதே ஒரு சின்ன நீர்ப்பைக்குள்தான். அது வெடிக்காமல் கொஞ்சம் பெரிதானாலோ, வெடித்த பிறகு அந்த இடத்தில் நீர் சேர்ந்தாலோ ஸ்கேனில் கட்டியாகத் தெரியும், இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் பெரும்பாலும் தானாகவே மறையும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவான, உள்ளே தடுப்போ திடப்பகுதியோ இல்லாத வெறும் நீர்க்கட்டி என்றால் திரும்ப ஸ்கேன்கூடத் தேவையில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி வழிகாட்டியிருக்கிறது. ஆனால் நான்கு சென்டிமீட்டர் வெறும் நீர்க்கட்டிக்கு, சினைப்பைப் புற்றுக்கான தடயம் தேடும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கப்பட்ட 20 வயதுப் பெண்ணை நான் பார்த்தேன், அது வழக்கமான எல்லையான 35ஐத் தாண்டியிருந்தது, அந்தக் குடும்பம் பட்ட பாட்டை எழுதினால் தாங்காது. அந்த எண், உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் ஏறும், ஃபைப்ராய்டில் ஏறும், இடுப்புக்குள் தொற்று வந்தால் ஏறும், மாதவிடாய் நாளில் ரத்தம் எடுத்தாலே ஏறலாம். அதோடு, ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் சினைப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது ஏறாமலே இருக்கும். இவ்வளவு தெரிந்தும் அந்தப் பரிசோதனையை எழுதும்போது, வரப்போகும் எண்ணை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை இல்லையா?

எல்லா நீர்க்கட்டியும் சும்மா விடக்கூடியது என்று நான் சொல்லவில்லை. முடியும் கொழுப்பும் சில நேரம் பல்லும்கூட இருக்கும் டெர்மாய்டு தானாகக் கரையாது. பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட்டுக்கு வேறு அணுகுமுறை வேண்டும், அதைக் குடைந்தெடுக்கும்போது முட்டை இருப்பும் சேர்ந்து குறையும் என்பதால் குழந்தை வேண்டும் என்பவளிடம் அதை முன்பே பேச வேண்டும். கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும், அப்போது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் சினைப்பையே போய்விடும். இந்தக் கடைசி விஷயத்தை எந்த நீர்க்கட்டியோடு அனுப்பினாலும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்பதோடு "இப்படி வலித்தால் உடனே வா" என்பதும் சேர்ந்தால்தான் அது முழு அறிவுரை.

இப்போது மறுபக்கம். இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையிலேயே கோபம்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதற்குக் காரணம் கண்டுபிடித்தே ஆக வேண்டும். பழுப்பாக இருந்தாலும், ஒரே ஒரு நாள் வந்து நின்றுவிட்டாலும் அப்படித்தான். அப்படி ரத்தம் படும் பெண்களில் சுமார் 100க்கு 9 பேருக்குக் கருப்பை உள்வரிப் புற்று இருக்கும், அந்தப் புற்று வந்தவர்களில் 100க்கு 90 பேருக்கு முதல் அறிகுறியே இந்த ரத்தம்தான். உடம்பு இவ்வளவு வெளிப்படையாக, இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் உள்ளுறுப்புப் புற்றுகள் மிகக் குறைவு. அந்தக் கட்டத்திலேயே பிடித்தால் பெரும்பாலானவர்களை அறுவை சிகிச்சையாலேயே குணப்படுத்தலாம். மீதி 91 பேருக்கு உள்வரி மெலிந்து போனதோ பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சியோ வேறு சாதாரணக் காரணமோ இருக்கும், அவர்களும் நிம்மதியாக வீடு போவார்கள். இதற்குத் தேவை பிறப்புறுப்பு வழி ஸ்கேன், உள்வரி 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ ஒரு பயாப்ஸி, அதாவது உள்வரியில் கொஞ்சம் திசுவை எடுத்துச் சோதிப்பது. அவ்வளவுதான். அது வெளிநோயாளியாகவே செய்யக்கூடியது. இதைச் செய்யாமல் ரத்தத்தை நிறுத்தும் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், இருக்கிற ஒரே எச்சரிக்கை மணியையும் நாம் வாயடைத்ததாகிவிடும். உடல் எடை மிக அதிகம் உள்ளவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வருடக்கணக்கில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வந்தவர்கள், மார்பகப் புற்றுக்காக டாமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள், குடும்பத்தில் பெருங்குடல் புற்றும் கருப்பைப் புற்றும் சேர்ந்து வந்தவர்கள், இவர்களுக்கு 45 வயதுக்கு முன்னால் வரும் ஒழுங்கற்ற ரத்தப்போக்கையும் "ஹார்மோன்தான்" என்று ஒதுக்கக் கூடாது.

சினைப்பைப் புற்று இதற்கு நேரெதிர், சத்தமில்லாமல் வரும் என்பார்கள். முழுக்க சத்தமில்லாமல் இல்லை. வயிறு உப்பிக்கொண்டே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, இவை புதிதாகத் தொடங்கி மாதத்தில் பாதி நாள் இருந்தால், அதுவும் 50ஐத் தாண்டியவளுக்கு இருந்தால், அது வாயுத் தொல்லையாகத்தான் இருக்கும் என்று எடுத்தவுடன் முடிவு கட்டக் கூடாது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வந்தது: அறிகுறி இல்லாத பெண்களுக்கு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ வருடாவருடம் செய்தும் சினைப்பைப் புற்றால் வரும் மரணம் குறையவில்லை. எல்லோருக்கும் பரிசோதனை செய்து பிடிக்க வழி இல்லை என்றால், அறிகுறியோடு வந்து நிற்பவளை உட்கார வைத்துக் கேட்பதுதானே நம்மிடம் மிச்சம் இருப்பது? குடும்பத்தில் அம்மாவுக்கோ சித்திக்கோ அத்தைக்கோ மார்பக, சினைப்பைப் புற்று வந்திருக்கிறதா என்று கேளுங்கள், அப்பா வழியையும் கேளுங்கள், இந்தப் புற்றுகளுக்கான ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரும். இந்தப் புற்றில் மிகக் கொடிய வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது, குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த பெண்ணிடம் சினைப்பையை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுத்துவிடலாமா என்று பேசுவதற்கு அது ஒரு நல்ல காரணம்.

கருப்பை வாய்ப் புற்றைப் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை, ஏனென்றால் இதில் என்ன செய்ய வேண்டும் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. ஹெச்பிவி வைரஸ்தான் காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது, தடுப்பூசி வந்தது. 15 வயதுக்குள் 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் மறுபடியும் 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வைத்தது. ஆனாலும் 2022இல் மட்டும் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இதில் இறந்திருக்கிறார்கள். வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் ஆகும். அந்த இடைவெளியில் அந்தப் பெண் காய்ச்சலுக்கு, பிரசவத்துக்கு, வெள்ளைப்படுதலுக்கு என்று உங்கள் யாராவது ஒருவரிடம் எத்தனையோ முறை வந்திருப்பாள். ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். உடலுறவுக்குப் பின் ரத்தம் படுகிறதா என்ற கேள்வியை நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும், அவளாகச் சொல்ல மாட்டாள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். வருடக்கணக்கில் வெளிப்புறத்தில் அரிப்பு என்று களிம்பு வாங்கிப் போகும் வயதான பெண்மணியையும் ஒரு தடவை படுக்க வைத்துப் பாருங்கள், வெளிப்புறப் புற்று பலருக்கு அப்படித்தான் ஆரம்பிக்கிறது, பார்க்காமலே களிம்பு எழுதிக் கொடுப்பதால்தான் தாமதமாகிறது.

1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபர்ட் என்ற பெண்ணைப் பார்க்கப் போனார். இரட்டைப் பிள்ளை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த வயிறு. பரிசோதித்துவிட்டு, இது கர்ப்பம் இல்லை, சினைப்பைக் கட்டி, இதற்கு முன் இப்படி ஒன்றை எடுத்து நான் பார்த்ததில்லை, ஆபத்து இருக்கிறது என்று அவளிடமே சொன்னார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அவள் கேட்டுக்கொண்டாள், யோசித்தாள், ஒப்புக்கொண்டாள், குதிரை மேல் அவர் ஊருக்கு வந்தாள். 10 கிலோவுக்கு மேல் இருந்த கட்டியை எடுத்தார், அவள் 78 வயது வரை வாழ்ந்தாள். அறுவை சிகிச்சை வரலாற்றில் அவருடைய கைத்திறமையைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அவர் முதலில் அவளிடம் பேசியதுதான் பெரிதாகப் படுகிறது.

அதனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடப்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லும் பெண்களிடம், சினைப்பை இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் பலருக்குத் தெரியவில்லை. கருப்பை வாயை விட்டு வைத்தார்களா என்று கேட்டால் அப்படி ஒன்று தனியாக இருப்பதே தெரியவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. 40 வயதில் இரண்டு சினைப்பையும் போயிருந்தால் அன்றோடு மாதவிடாய் நிறுத்தம் வந்துவிடுகிறது, எலும்பும் இதயமும் அதன் விலையைக் கொடுக்கின்றன, ஹார்மோன் சிகிச்சை வேண்டுமா என்று அப்போதே பேசியிருக்க வேண்டும். கருப்பை வாய் மிச்சம் இருந்தால் பரிசோதனையைத் தொடர வேண்டும். எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினீர்களா, அந்த முடிவு அவள் கைக்கு வந்ததா? எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற வாய் வார்த்தையோடு போனவளுக்கு, பயாப்ஸி முடிவில் வேறு ஏதோ எழுதியிருந்தது மாதங்கள் கழித்துத் தெரியவந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான், உங்கள் அறைக்கு வெளியே எவ்வளவு கூட்டம் நிற்கிறது என்று எனக்கும் தெரியும், அந்தக் கூட்டத்தில்தான் நாங்களும் நிற்கிறோம். எல்லாவற்றையும் நீங்களே உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பேசலாம். அச்சடித்த ஒரு பக்கத் தாள் போதும், அதில் கருப்பையின் படத்தைப் போட்டு, கட்டி எங்கே இருக்கிறது என்று பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். பக்கத்தில் கட்டியின் பெயர், இப்போதைக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, அடுத்த ஸ்கேன் எப்போது, எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து போகிறவளுக்கு எதை எடுத்தோம், எதை விட்டு வைத்தோம், பயாப்ஸி முடிவை எந்தத் தேதியில் வந்து வாங்க வேண்டும் என்ற மூன்றையும் அவள் படிக்கிற மொழியில் எழுதிக் கொடுங்கள். உங்களில் ஏற்கெனவே இதைச் செய்துகொண்டிருப்பவர்கள் அந்தத் தாளை மற்ற மருத்துவர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள், ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
உங்களிடம் சிகிச்சைக்கு வரும் பெண்களில் ஒருத்தி